வெள்ளி கேட்டும் பாதி துடைத்த பானெட்டும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அனுபவம் உள்ள ஒருவர் நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று கடை முதலாளி ஆசைப்பட்டார். அனுபவம் உள்ளவரைத் தேடியபோது அகப்பட்டவன் நான். எனக்கு முப்பது முடியவில்லை. ஆனாலும் ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். கார் பெயின்ட்டைத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் தொழில் கோவில்பட்டிப் பக்கம் வந்ததே நேற்றுதான். நான் முந்தாநாள் ஆரம்பித்தவன். அந்தக் கணக்கில் நான்தான் இங்கே பழம் தின்று கொட்டை போட்டவன். ஏன் ஓய்வு பெற்றேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் படிப்பதை நிறுத்தினால் நஷ்டம் எனக்கில்லை.

எப்படித் துடைப்பது என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. அதற்கு உங்கள் போனில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன; அதில் பாதி நான் போட்டது. எந்த வீடியோவிலும் வராத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு காருக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவரையும் சேர்த்துத்தான் உங்கள் கடை வாசலில் இறக்கிவிடுவார்கள். கறை போய்விடும். அவர் போகமாட்டார்.

நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் பயிற்சி எடுத்தேன். அங்கே எங்களுக்கு வாய்த்த குரு, டை கட்டிக்கொண்டு வருவார். கறை எடுப்பதற்கு அவர் வைத்த பெயர் 'டீகான்டாமினேஷன்'; அந்தச் சொல்லை அவர் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் ஒரு கதவைத் துடைத்துவிடுவோம். அவர் சொன்னதில் உருப்படியாக மிஞ்சியது ஒரே ஒரு வரி. காரைத் தேய்க்கிற கிளே கட்டி கீழே விழுந்தால் அது கிளே இல்லை, குப்பை. தரையில் இருக்கிற மணலெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்து மறுபடி காரில் வைத்தீர்கள் என்றால், துடைக்கவில்லை, கீறுகிறீர்கள். கழுவினாலும் குப்பை, ஊதினாலும் குப்பை, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாலும் குப்பை. இதை மட்டும் மனதில் போட்டு வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஊருக்குத் திரும்பி எட்டயபுரம் ரோட்டில் கடை போட்டேன். போர்டைப் படித்துவிட்டு உள்ளே வந்த முதல் ஆள் கேட்டார்:

"என்ன தம்பி, என்ன வச்சுத் தொடைக்கிய?"

"களிமண் மாதிரி ஒண்ணு அண்ணாச்சி."

"ஒரு மழை பேஞ்சா எங்க காட்டுலயிருந்து கார் வெளிய வாரதுக்குள்ள நாலு டயர்லயும் களிமண்ணு அப்பிக்கிடும். அதக் கழுவத்தான் வாட்டர் வாஷுன்னு ஊர்ல ஆறேழு பேரு பொழைக்கான். நீங்க என்ன, கழுவின கார்ல மறுபடி பூசி விடுதியளோ?"

கரிசல்காட்டில் போய்க் களிமண் விற்க வந்தவன் என்று ஒரு வாரத்துக்குள் பெயர் எடுத்துவிட்டேன். அது இந்த ஊர் மண் இல்லை, கம்பெனியில் செய்கிற, ரப்பர் போல இழுபடும் மெத்தென்ற கட்டி என்று விளக்கினால் கேட்கிற பொறுமை யாருக்கும் இல்லை. இடைசெவல் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் என் வீடியோவைப் பார்த்துவிட்டு, இதற்குப் போய்க் கோவில்பட்டி வரை போவானேன் என்று, தன் காட்டுக் கரிசல் மண்ணையே வேட்டித்துணியில் சலித்துக் குழைத்துக் காரில் தேய்த்துவிட்டார். பூனை ஒன்று விடிய விடிய எழுத்துப் பழகிய சிலேட்டைப் போலிருந்தது பானெட். "மண்ணுன்னுதான வீடியோவுல சொன்னிய?" என்றார். "கிளேன்னு சொன்னேன் சார்" என்றேன். "தம்பி, நான் இங்கிலீஷ் வாத்தியாரு" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் கருநீலக் கார் ஒன்று வந்து நின்றது. புதுக்கார். அதிலிருந்து இறங்கியவர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி. வடக்கேயிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆபீஸ் என்றதும் மேஜை, மின்விசிறி என்று நினைக்காதீர்கள். தீப்பெட்டி செய்கிற இடத்துக்கே எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

"தம்பி, தொட்டுப் பாரு" என்றார்.

தொடுவதற்கு முன்பே தெரிந்தது. பானெட்டிலும் இடது பக்கம் முழுக்கவும் ரவையைத் தூவியது போல வெள்ளி நிறத்தில் பொடிப்பொடிப் புள்ளிகள். கையில் மெல்லிய கேரி பேக்கை மாட்டிக்கொண்டு தடவினேன். வெறும் விரலுக்குத் தெரியாத நறநறப்பு கேரி பேக் போட்ட விரலுக்குத் தெரியும். நம் தொழிலில் இதுதான் நாடி பிடிப்பது. அண்ணாச்சியும் ஒரு கேரி பேக்கை வாங்கி மாட்டிக்கொண்டார். காரைத் தடவினார். பிறகு என் மேஜையை, சுவரை, தன் கன்னத்தை என்று வரிசையாகத் தடவிப் பார்த்தார். பிடித்துப்போய்விட்டது.

கேரி பேக்கைக் கழற்றாமலே கதையைச் சொன்னார். அவர் மகளுக்குக் கயத்தாற்றில் மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மெயின் ரோட்டில் ஹார்டுவேரும் பெயின்ட்டும் விற்கிறவர்கள். முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் ஒரே கேட். (இடம் தெரிந்ததாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு மேலே படியுங்கள்.) போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் பழம், பூவோடு மாப்பிள்ளை வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். காரைக் கேட் ஓரமாக நிறுத்தினார்கள். கயத்தாற்றுக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அத்தனை காற்றாலையையும் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்? சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்து, வெயிலில் காரைப் பார்த்தால் இந்தக் கோலம்.

"கேட்டுக்கு எவனோ பெயின்ட்டு அடிச்சிருக்கான். அது பறந்து வந்து ஒட்டியிருக்கு. போன் போட்டுக் கேட்டேன். என்ன சொன்னாவ தெரியுமா? எங்க வீட்ல அன்னைக்குப் பெயின்ட்டு டப்பாவே தொறக்கல, ஒங்க தீப்பெட்டி ஆபீஸ் பொகையில வந்திருக்கும்னு சொல்லுதாவ. பொகையாம்! என் ஆபீஸ்ல பொகை வந்தா ஃபயர் சர்வீஸ்லா வரும்!"

"நான் தொடச்சிருதேன் அண்ணாச்சி. போயிரும்."

"தொடைக்கது இருக்கட்டும். நாளைக்குக் காலைல அவியளையும் இங்கன வரச் சொல்லியிருக்கேன். நீ எஞ்சினியரு. ரெண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரன் இல்ல. இது என்னதுன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லு. பெயின்ட்டுன்னு வந்து, சொன்னது பொய்யின்னு அவிய ஒத்துக்கிடலன்னா, நிச்சயத் தட்டத் திருப்பி அனுப்பிருவேன். பொய் சொல்லுத வீட்டுக்கு என் மவளக் குடுக்க மாட்டேன்."

மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை பாதி ஊருக்குக் கொடுத்தாயிற்று. ஒரு பெண்ணின் கல்யாணம் என் கிளே கட்டியின் நுனியில் நிற்கிறது. இந்த மாதிரி நேரத்தில் புத்தியுள்ளவன் கடையைப் பூட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போய்விடுவான். எனக்கோ உள்ளூரக் குளுகுளு என்றிருந்தது. இப்படி ஒரு கேஸ் வீடியோவுக்குக் கிடைக்குமா? போனை ஸ்டாண்டில் மாட்டினேன். பானெட்டின் நடுவில் மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப் ஒட்டினேன். இதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: ஒரு பாதியை அழுக்காக விட்டு, மறுபாதியைத் துடைத்துக் காட்டுவது. ஷாம்பு தண்ணீரைத் தெளித்து, கிளேயை அழுத்தாமல் வழுக்க விட்டால், அது போன வழியெல்லாம் கண்ணாடி ஆனது. கிளேயில் வெள்ளி அப்பிக்கொண்டு வந்தது. மற்ற பாதிக்குப் போகக் கையை எடுத்தேன்.

"நிறுத்து!" என்றார் அண்ணாச்சி. "அந்தப் பாதி அப்படியே கெடக்கட்டும். சாட்சி வேணும்லா?"

தொழிலில் எத்தனையோ பேர் காரைச் சுத்தமாக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அழுக்கைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் கடைக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியது அண்ணாச்சியின் மகள், கல்யாணப் பெண். பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது என்று உத்தரவு. எம்.காம். படித்துவிட்டு அப்பாவின் ஆபீஸில் ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. நேரே காரிடம் போனார்.

"இது பெயின்ட்டுதான்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அடிச்சவியளே சொன்னாவ."

மாப்பிள்ளை போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பெண் வீட்டார் வருகிறார்களே, கேட் துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று, கடைக்குப் புதிதாக வந்த ஸ்ப்ரே கன்னை எடுத்து, அன்று காலையில் அவரே வெள்ளி பெயின்ட் அடித்திருக்கிறார். அப்பா பிரஷ்ஷால் அடிக்கச் சொன்னாராம். பிள்ளைக்கு அவசரம். ஒரு கோட் அடித்தது போதாதென்று, கார் வந்து நின்று எல்லோரும் உள்ளே போன பிறகு, விட்டுப்போன கம்பிகளுக்கு இன்னும் ஒரு கை அடித்திருக்கிறார். வந்தவர்களை அசத்துவதற்கு அடித்த பெயின்ட், காற்றோடு போய் வந்தவர்களின் காரிலேயே உட்கார்ந்துகொண்டது.

"அப்ப ஒங்க மாமனாரு ஏன் இல்லன்னு சொன்னாரு?"

"எங்க அப்பா போன எடுத்ததுமே கத்தியிருக்காவ. மாமா கடையில இருந்திருக்காவ, கல்லாவுக்கு முன்னாடி ஆளுக நின்னிருக்கு. வாயில வந்தது டப்பாவே தொறக்கலங்கது. சொன்னதுக்கப்புறம் எப்படி மாத்த? கடைக்காரன் சொன்ன சொல்ல மாத்தினா நாளைக்கு எவன் வாங்குவான்ங்காவளாம். எங்க அப்பாவுக்கு ஜெயிக்கணும். மாமாவுக்குத் தோக்கக் கூடாது. நடுவுல கல்யாணம் கட்டிக்கிட வேண்டியது நானு."

"மாப்பிள்ளைய ஒங்களுக்குப் பிடிச்சிருக்கா?" தேவையில்லாத கேள்விதான். அந்த வயதில் வாய் சும்மா இருக்காது.

"நல்லா கேட்டிய. பிடிக்காமயா இந்த வெயில்ல ஸ்கூட்டர எடுத்துட்டு வாரேன்?"

"நாளைக்கு நான் பொய் சொல்லணுமாக்கும்?"

"பொய்யெல்லாம் வேண்டாம். தீர்ப்பு சொல்லாதிய, அவ்வளவுதான். தொடைக்கதுக்குத்தான கடை வச்சிருக்கிய? தொடைங்க." பானெட்டைப் பார்த்தார். "இந்தப் பாதிய எதுக்கு விட்டு வச்சிய?"

"ஒங்க அப்பா சாட்சி வேணும்னு..."

"டேப்பு ஒட்டினதும் எங்க அப்பாவா?"

நான் ஸ்டாண்டில் இருந்த போனை மெல்ல எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் தட்டிலிருந்து ஒரு கிளே துண்டை எடுத்து இழுத்துப் பார்த்தார். மடித்தார். எதனால் செய்தது, எத்தனை காருக்கு வரும், எங்கே வாங்குகிறீர்கள், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கமெல்லாம் இதைச் செய்கிற கடை இருக்கிறதா என்று சரமாரியாகக் கேட்டார். நானும் பெருமையாகச் சொன்னேன், யாரும் இல்லை, நான் ஒருத்தன்தான் என்று.

"கீழ விழுந்துட்டா?"

"குப்பை."

"கழுவினா?"

"கழுவினாலும் குப்பை."

தலையாட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை. மாப்பிள்ளையின் அப்பா கயத்தாற்றிலிருந்து வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூடவே மாப்பிள்ளை. ஆள் பார்க்க நல்ல மாதிரி. ஆனால் காதோரத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு புள்ளி. நல்ல காலம், அதைப் பார்த்தவன் நான் மட்டும்தான். அண்ணாச்சி மகளோடு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் என் ஷாம்பு வாளி. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"தம்பி, அவிய டீ குடிக்காவளான்னு கேளுங்க."

"தம்பி, நாங்க குடிச்சிட்டுதான் வந்தோம்னு சொல்லுங்க."

"வெயிலா இருக்கே, இங்கன தள்ளி உக்காரச் சொல்லுங்க தம்பி."

"எங்களுக்கு வெயிலு பழக்கம்தான்னு சொல்லுங்க."

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'அவிய', அதாவது 'அவர்கள்' என்றுதான் சொன்னார்கள். 'அவிய' என்று எவ்வளவு அழுத்திச் சொல்கிறார்களோ, அவ்வளவு கோபம் என்று அர்த்தம். நான் வாளிக்குப் பின்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இஞ்சினியரிங்கில் இதற்கு ஒரு பேப்பர் வைத்திருக்கலாம்.

"தொடங்கு தம்பி" என்றார் அண்ணாச்சி.

இடது முன்கதவில் தண்ணீர் அடித்து நாலு இழுப்பு இழுத்தேன். கிளே வெள்ளியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"வெள்ளியாத்தான் இருக்கு. ஒத்துக்கிடுதேன். ஆனா எங்க கடைப் பெயின்ட்டு இல்லன்னு சொல்லுங்க. எங்க பெயின்ட்டு இப்படி மாவு மாதிரி வருமா? ஒட்டுச்சுன்னா ஒட்டுனதுதான்."

"அப்ப எங்க ஆபீஸ்ல வெள்ளியில தீக்குச்சி செய்யுதோமான்னு கேளுங்க தம்பி."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்னு சொல்லுங்க."

அண்ணாச்சி காலை மடித்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு, அவிய சொன்னது பொய். இல்லன்னா, அவிய விக்க பெயின்ட்டு மட்டம். மட்டமான சரக்க மெயின் ரோட்டுல வச்சு ஊரையே ஏமாத்துதாவன்னு நான் எடுத்துக்கிடுதேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. மகள் சொன்னது ஞாபகம் இருந்தது. திறக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா நாற்காலி கவிழ எழுந்தார். இத்தனை நேரம் இருந்த 'அவிய' எங்கே போனது என்று தெரியவில்லை.

"எவம் பெயின்ட்டவே மட்டம்ங்கீரு? வந்து என் கேட்டப் பாரும்! நீரு வந்தீருலா, அன்னைக்குக் காலைல அடிச்சது! நகத்தால சொரண்டிப் பாரும், ஒம்ம நகம்தான் பேந்துரும்!"

பக்கத்து டயர் கடையில் டயரைத் தட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலோடு எட்டிப் பார்த்தார்.

அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, அன்னைக்குக் காலைலன்னா சொன்னாவ?"

பெயின்ட் விற்கிறவரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பொய்யன் என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். பெயின்ட்டைச் சொல்லிவிடாதீர்கள்.

மாப்பிள்ளை முன்னால் வந்தார். "நாந்தான் மாமா அடிச்சேன். நீங்க வாரியன்னுதான்."

இதோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? உண்மை வந்துவிட்டது, அண்ணாச்சி கேட்டதும் அதைத்தானே? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஜெயித்தவருக்கு ஜெயித்தது போதாது. ஊருக்கும் தெரிய வேண்டும்.

"சரி" என்றார் அண்ணாச்சி. "கல்யாணம் நடக்கட்டும். ஆனா இந்தக் கார் இப்படியேதான் மண்டபத்துக்கு வரும். பாதி தொடச்சும் பாதி தொடைக்காமலும். என்ன அண்ணாச்சி இதுன்னு கேக்கவங்களுக்கு எல்லாம் சொல்லுவேன், சம்பந்தி வீட்டுச் சீருன்னு."

"அப்படின்னா நாங்க மண்டபத்துக்கு வரல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "ஏலே, வாலே, போவோம்."

மாப்பிள்ளை நகரவில்லை. அப்பா நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தார். காலையில் மறுபடி ஸ்டாண்டில் மாட்டியிருந்த என் போன் இதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தது. அதுவரை என் சேனலில் அப்படி ஒரு வீடியோ வந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை. போய் அணைத்தேன். அன்று நான் யோசித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

திரும்பினால், மகள் தட்டிலிருந்து கிளேயை எடுத்து, பானெட்டின் இடது பாதியில் ஷாம்பு தண்ணீரைத் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். சற்று முன்பு நான் கதவில் இழுத்ததைப் பார்த்ததோடு சரி, கை அவ்வளவு லேசாக ஓடியது.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"தொடைக்கேன்."

"விடுட்டி! அது சாட்சி!"

"பொண்ணழைப்புக்கு இந்தக் கார்ல உக்காந்து வரப்போறது சாட்சி இல்லப்பா, நானு. ஒங்க சண்டையில பாதிய முன்னாடி ஒட்டிக்கிட்டு நான் ஊர்கோலம் போகணுமா? மாமா, நீங்க எங்க போறிய? ஒங்க பெயின்ட்டுதான, வந்து நின்னு பாருங்க."

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. தட்டில் இருந்த இன்னொரு கிளே துண்டை எடுத்துக்கொண்டு அவரும் பாய்ந்தார். ஸ்ப்ரே கன்னில் காட்டிய அதே அவசரம். ஈரக்கை வழுக்கித் துண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார். பேன்டில் ஒரு துடை துடைத்தார். துடைத்துக்கொண்டே பானெட்டுக்குக் கொண்டு போனார்.

புதுக்கார். கருநீலம். அந்த நிறத்தில் ஒரு கீறல் விழுந்தால் ஓட்டப்பிடாரத்திலிருந்தே தெரியும். அந்தக் கட்டியில் என் கடைத் தரையில் இருந்த மணல் பூராவும் இருந்தது. எனக்குக் கல்யாணம் தெரியவில்லை, சம்பந்தி தெரியவில்லை, யார் எவர் என்பது தெரியவில்லை.

"ஏலே, வைக்காதல!" என்று கத்திவிட்டேன்.

மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. அண்ணாச்சி நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் முகம் சிவந்து நான் பார்த்ததே இல்லை. அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"எவம்ல அது? யாரப் பாத்து ஏலேங்க? என் மருமவனயா?"

வாசலில் நின்ற மாப்பிள்ளையின் அப்பா மெல்ல உள்ளே வந்தார். கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டார். அண்ணாச்சியின் பக்கத்தில், வாளியைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"கேளுங்க சம்பந்தி" என்றார், முதல் தடவையாக நேரே பார்த்து. "படிச்ச பயலுவளுக்கு மரியாதையே தெரிய மாட்டேங்கு."

"அதச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

நான் மாப்பிள்ளையின் கையிலிருந்து துண்டைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். கேட்ட கையோடு, மனதில் உறுத்திக்கொண்டிருந்த விஷயத்தையும் சொல்லிவிட்டேன். பெயின்ட் நல்ல பெயின்ட்தான். சீக்கிரம் காய்கிற பெயின்ட். கேட்டில் ஈரமாக விழுந்தது அங்கேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காற்றில் பறந்தது, கார் மேல் வந்து விழுவதற்குள் பாதி காய்ந்துவிட்டது. அதனால்தான் ஊறிப் பிடிக்காமல் மேலாக ஒட்டிக்கொண்டு நின்று, கிளேக்கு வந்துவிட்டது. இதில் காரின் மேலும் குறையில்லை, பெயின்ட்டின் மேலும் குறையில்லை.

"நான் சொல்லல?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அப்ப யாரு மேலயும் தப்பில்ல" என்றார் அண்ணாச்சி.

"காத்துதான் சம்பந்தி. எங்க ஊருக் காத்து ஒங்களுக்குத் தெரியாததா?"

"பாழாப்போன காத்து."

டப்பாவே திறக்கவில்லை என்று சொன்ன பேச்சையும், தட்டைத் திருப்பி அனுப்புவேன் என்று சொன்ன பேச்சையும் அதே காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. டீ வாங்கி வரச் சொன்னார்கள். வந்தது. குடித்தார்கள். மீதிக் காரை மகள்தான் துடைத்து முடித்தார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் அடித்துக் கொடுத்தேன். போகும்போது இரண்டு அப்பாக்களும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"மண்ண வச்சுத் தேச்சாப் போற கறை. இதுக்குப் போயி ஒரு கட, ஒரு போர்டு, கேமரா வேற."

"ஏமாத்துத் தொழில் சம்பந்தி. நம்ம காட்டு மண்ண வச்சே தேச்சிருக்கலாம்."

இந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு வீடும் முழு மனதோடு ஒன்று சேர்ந்தது. உங்களுக்கும் நடக்கும். சண்டை போடுகிற இரண்டு பேரை நீங்கள் சமாதானம் செய்யவே முடியாது. அவர்கள் சேர்ந்து திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் அவர்களே சமாதானம் ஆகிவிடுவார்கள். அந்த ஆளாக நிற்பதற்குத் தனியாகக் கூலி கிடையாது.

கல்யாணம் நடந்தது. போயிருந்தேன். கார் வாசலில் நின்றது. நான் பார்த்துப் பார்த்துக் கண்ணாடியாக்கிய பானெட்டில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார்கள். அதற்கு மேல் செலோடேப் போட்டு ரோஜாப்பூ. பின்கண்ணாடியில் மணமக்கள் பெயரைத் தெர்மோகோலில் வெட்டி ரப்பர் பசையில் ஒட்டியிருந்தார்கள். பசை வழிந்து டிக்கி வரைக்கும் வந்திருந்தது. மணமேடையில் ஏறிப் பரிசைக் கொடுத்தபோது மணப்பெண் சிரித்துக்கொண்டே கேட்ட முதல் வார்த்தை: "அந்தப் பசை கிளேக்கு வருமா?"

"வரும்" என்றேன். வாய் சும்மா இருந்ததா?

அடுத்த சில மாதங்களில் கயத்தாறு மெயின் ரோட்டுப் பெயின்ட் கடையில், பிரஷ்களுக்குப் பக்கத்தில் கிளே பாக்கெட்டுகள் தொங்க ஆரம்பித்தன. பிறகு கடைக்குப் பின்னால் இருந்த கோடவுன் காலியானது. தண்ணீர் குழாய் வந்தது, விளக்கு வந்தது, புதுக்கூரை வந்தது. நாலு வழிச்சாலையில் போகிற கார்களெல்லாம் எட்டயபுரம் ரோட்டைத் தேடி உள்ளே வருவானேன்? என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களும் அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். தீப்பெட்டி அண்ணாச்சியின் கருநீலக் கார் உட்பட. இந்தப் பக்கமெல்லாம் வேறு கடை இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டது எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் போர்டைக் கழற்றினேன். இதைத்தான் ஓய்வு பெற்றேன் என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறு வாரமே போன் வந்தது: "சும்மாதான இருக்கிய? இங்கன வந்து பயலுவளுக்குச் சொல்லிக் குடுங்க."

ஆமாம், நீங்கள் அக்கா என்று கூப்பிடுகிற நம் முதலாளிதான். இதைப் படித்துவிட்டு எங்காவது வெட்டச் சொன்னால் வெட்டமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வெட்டினால் சாட்சிக்கு ஒரு பாதியாவது அப்படியே கிடக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

முன்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் உங்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மண்ணெல்லாம் ஏமாத்து என்பார். மறுத்துப் பேசாதீர்கள். முன்னால் பெயின்ட் விற்றால்தான் பின்னால் துடைக்க ஆள் வரும் என்று மருமகளே சொல்லியிருக்கிறார். முதலாளியின் கணவர் உதவி செய்கிறேன் என்று கிளேயைக் கையில் எடுத்தால், எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் வாங்கி வையுங்கள். கீழே விழுந்துவிட்டால் கத்துங்கள். மரியாதையாகக் கத்துங்கள்.

காலையில் வேலைக்கு வரும்போது நீங்கள் தள்ளித் திறக்கிற அந்த வெள்ளி கேட்டை ஒரு நாள் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வராது. அந்த விஷயத்தில் பெரியவர் சொன்னது சத்தியம்.